இரண்டு ஊர் மெழுகுவத்தி

வெரெஸ்னிகி, 1995 ஜனவரி 10

என் ராசா கிளிம்முக்கு உன் பெரியம்மா உஸ்தின்யா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல உசிரோட இருக்கேன். ரெண்டு காலும் இருக்கு, அதுல ஒண்ணு வலிக்குது. கூட்டுப்பண்ணையில இருபத்திரெண்டு மாடு கறக்குறேன், கை இன்னும் சொன்ன பேச்சு கேக்குது. உனக்கு ஸ்மோலென்ஸ்க்ல குளிர் எப்படி? நான் பின்னுன கம்பளிய கழுத்துல சுத்துறியா, இல்ல பெரிய சுங்க அதிகாரி ஆயிட்டோம்னு பெட்டியில போட்டு வெச்சிருக்கியா?

மூணு நாள் முன்ன நம்ம கிறிஸ்துமஸ், பண்டிகைக்கு நீ வரல. சரி, வேலை. நானும் கேக்கல. ஆனா ஒண்ணு கேக்கணும். நம்ம மெழுகுவத்தி எங்க இருக்கு ராசா?

உனக்குத் தெரியாததா, ஆனா பட்டணத்துல இருந்தா மறந்துபோகும்னு எழுதுறேன். எங்க வெரெஸ்னிகியும் ஓடைக்கு அந்தாண்ட, இப்ப ரஷ்யாவாயிட்ட லூஷ்கியும் சேந்து முப்பத்தோரு வீடு. ரெண்டு ஊருக்கும் அந்த ஒரே மெழுகுவத்திதான். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 19, மிக்கோலா சாமி நாளன்னைக்கு ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். போற வீடு புது மெழுகு உருக்கி மேல ஊத்தும், புதுச் சட்டை தைச்சுப் போடும். இப்ப அது ஆம்பள தொடை கனம். ஜெர்மன்காரன் ஊர எரிச்ச வருஷம்கூட உருளைக்கிழங்குக் குழிக்குள்ள வெச்சு முறை மாத்துனோம், ஒரு வருஷம் நிக்கல.

முப்பத்தோரு வருஷம் காத்திருந்து 93ல என் முறை வந்துச்சு. லூஷ்கியிலேருந்து ஸ்தெபானிதா தூக்கிட்டு வந்தா. நாடு ரெண்டாப் பிரிஞ்ச பொறவு பாலத்துல புதுசா நட்ட தடுப்புக் கம்பம். ‘இதுல இருக்கிற வெள்ளிப் படம் பழம்பொருள், நாட்ட விட்டுப் போகக் கூடாது’ன்னு உங்க ரஷ்யச் சுங்கத்துப் பசங்க பிடுங்கிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒரு ரசீது தபால்ல வந்துச்சு. அடியில ஒரு கிறுக்கல் கையெழுத்து, பேரு கிடையாது. அதை ஸ்தெபானிதா என்கிட்ட குடுத்துட்டா. சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்கேன்.

ரெண்டு மிக்கோலா நாள் போயிடுச்சு. மூணு வருஷம் தொடந்து முறை மாறலன்னா அந்த வத்தி அணைஞ்சதுன்னு அர்த்தம், அப்புறம் யாரு வீட்டுக்கும் போகாதுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க. இந்த டிசம்பர்தான் மூணாவது. நீ அந்த ஆபீஸ்லதான இருக்க? தேடிப் பாருப்பா.

உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் குடுக்கிற,
பெரியம்மா.


ஸ்மோலென்ஸ்க், 1995 பிப்ரவரி 6

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலம். கம்பளியைச் சுற்றிக்கொள்கிறேன். உங்கள் காலுக்கு நாட்டு மருந்து மட்டும் போதாது, மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்து சேர இருபத்திரண்டு நாளாகிவிட்டது. தொண்ணூறு கிலோமீட்டர் தூரம்தான். மின்ஸ்க் போய், மாஸ்கோ போய், பிறகு இங்கே வருகிறது.

மெழுகுவத்தி பற்றி விசாரிக்கிறேன். கிடங்கு பெரியது, பொருட்கள் ஏராளம். அந்த ரசீதை எனக்கு அனுப்பிவையுங்கள். அசல்தான் வேண்டும். தேடுவதற்கு உதவியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிம்


வெரெஸ்னிகி, 1995 மார்ச் 14

கிளிம் ராசாவுக்கு, நோன்புக் காலத்து ஆசீர்வாதம். சொகமா இருக்கேன். கோஸும் காளானும் தின்னு தின்னு வயிறு சாமியாராயிடுச்சு.

ரசீத அனுப்ப மாட்டேன். இருபத்திரெண்டு நாள் ஊர் சுத்துற தபால்ல அதைப் போட்டுட்டு நான் தூங்கவா? அதுல நம்பர் இருக்கு, எழுதிக்கோ: 417. அது போதும் தேடுறவனுக்கு.

பண்ணைத் தலைவர் கூட்டம் போட்டாரு. ரஷ்யாவும் நம்மளும் சுங்க ஒப்பந்தம் போட்டாச்சாம், ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வரி கிடையாது, கம்பம் கிடையாது, நம்ம பால் அங்க போகும், அவங்க டீசல் இங்க வரும்னாரு. ‘எப்பம் போகும்? மாடு செத்த பொறவா?’ன்னு பின்வரிசையிலேருந்து ஒரு குரல். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. எந்திரிச்சு, ‘கம்பம் போச்சுன்னா மெழுகுவத்தி வருமா?’ன்னு கேட்டேன். தலைவரு, ‘அம்மா, அது ஒப்பந்தத்துல இல்ல’ன்னாரு. ‘அப்ப ஒப்பந்தம் எழுதுனவங்க எங்க ஊரக் கேக்காம எழுதிட்டாங்க’ன்னு உக்காந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை பாலத்துக்குப் போனேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஸ்தெபானிதா, இந்தப் பக்கம் நான், நடுவுல துப்பாக்கி வெச்சிருந்த ஒரு காவக்காரன்.

‘என்னடி உஸ்தின்யா, உன் அதிகாரி மவன் என்ன சொல்றான்?’

‘தேடுறான்.’

‘தேடுறானா! அவங்க ஆபீஸ்தான தூக்கிட்டுப் போச்சு? அவங்களே ஒளிச்சு வெச்சு அவங்களே தேடுறாங்களா?’

‘என் புள்ளையப் பத்தி வாயத் தொறந்தா, கம்பம் இருக்கட்டும், ஓடையிலயே எறங்கி வந்துருவேன்.’

‘வா வா, தண்ணி பனிக்கட்டியா இருக்கு, நடந்தே வா!’

காவக்காரன் சிரிப்ப அடக்க முடியாம திரும்பி நின்னுக்கிட்டான். நான் சொன்னதுல மாத்தமில்ல கிளிம். உன்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீ அதை ஞாபகம் வெச்சுக்கோ.

பெரியம்மா


வெரெஸ்னிகி, 1995 மே 16

ராசா, கிறிஸ்து உயிர்த்தார்! ரெண்டரை மாசமா உன் கடுதாசி இல்ல. தபால் மேல பழி போட்டுட்டு நான் என் கதைய எழுதுறேன். உடம்பு சொகம். நீயும் சொகமா இருக்கணும்.

ரதுனித்சா, செத்தவங்களக் கல்லறையில போய்ப் பாக்குற நாளன்னைக்கு, உங்கம்மாவப் பாக்கப் போனேன். போன வருஷம் நினைவிருக்கா? லூஷ்கி கல்லறைக்குச் சாயம் போட்ட முட்டையும் அப்பமும் கொண்டுபோன என்னைப் பாலத்துல நிறுத்தி, ‘உணவுப்பொருள், எத்தனை கிலோ?’ன்னு தராசுல வெச்சாங்க. என் தங்கச்சி மார்ஃபாவுக்குக் கொண்டுபோற முட்டைய! இந்த வருஷம் அதே காவக்காரன், ஒண்ணுமே கேக்காம கம்பத்தத் தூக்கிட்டான். ‘போயிட்டு வாங்கம்மா, எனக்கும் ஒரு முட்டை’ன்னான். குடுத்தேன். செவப்பு முட்டை.

கல்லறையில துணி விரிச்சு உக்காந்து மார்ஃபாகிட்ட பேசுனேன். ‘நீ கல்யாணம் பண்ணி ஓடையத் தாண்டுனப்ப அது துணி தொவைக்கிற ஓடை. இப்ப நாட்டெல்லையாம். நீ செத்து வெளிநாட்டுக்காரி ஆயிட்டடி’ன்னேன். அவளப் பொதைச்ச பொறவு, ஒம்பது வயசுல நீ என் கையப் புடிச்சுக்கிட்டு அந்தப் பாலத்தத் தாண்டி வந்தது கண்ணுல நிக்குது. ஒரு கையில உன் செருப்பு.

முந்தாநாள் ஓட்டு. ரஷ்யாவோட பொருளாதாரம் ஒண்ணு சேரணுமான்னு ஒரு கேள்வி. நான் நல்ல பாவாடை உடுத்தி, தலையில புதுத்துணி கட்டி, முத ஆளாப் போனேன். பெட்டியில போடுறதுக்கு முன்னாடி சீட்டு மேல சிலுவை போட்டேன். தேர்தல்காரர், ‘அம்மா, அடையாளம் போட வேற இடம் இருக்கு’ன்னாரு. ‘அங்கயும் போட்டேன், இது எனக்கும் ஆண்டவருக்கும்’னேன். எங்க சாவடியில நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஆமான்னாங்க. பெரிய பெரிய ஆளுங்க பெரிய காரணத்துக்குப் போட்டிருப்பாங்க. நான் ஒரு பாலத்துக்காகவும் ஒரு வத்திக்காகவும் போட்டேன். எனக்குப் பெருமையாத்தான் இருக்கு, மறைக்க மாட்டேன்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

பெரியம்மா


ஸ்மோலென்ஸ்க், 1995 ஜூன் 12

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மெய்யாகவே உயிர்த்தார். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மெழுகுவத்தி இருக்கிறது. கிடங்கில் நான்காவது தட்டு. யாரும் சேதப்படுத்தவில்லை. ஸ்தெபானிதா அத்தை போட்ட நீலச் சட்டையோடு, பழைய மேசைவிரிப்பில் சுற்றி, எலி கடிக்காதபடி தகரப் பெட்டியில் வைத்திருக்கிறது.

இனி நம் இரு நாடுகளுக்கும் நடுவே சுங்க எல்லை இல்லை என்பதால் அதைத் தடுத்து வைக்கக் காரணமும் இல்லை. ஆனால் உரிமையாளர் மனுக் கொடுக்க வேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. கருப்பு மையில் நிரப்பி அனுப்புங்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது வேலை குறைந்துகொண்டே வருகிறது. வேறு செய்தி இல்லை.

கிளிம்


வெரெஸ்னிகி, 1995 ஜூலை 30

என் தங்கமே, நீ நல்லா இருக்கணும், நாலாவது தட்டும் நல்லா இருக்கணும்! உன் கடுதாசிய ரெண்டு ஊர்லயும் வாசிச்சுக் காமிச்சேன். தகரப் பெட்டின்னதும் ஸ்தெபானிதா அழுதுட்டா. அப்புறம் மூக்கச் சிந்திட்டு, ‘தகரப்பெட்டி யாரு வாங்குனது? சர்க்காரா எலிக்குப் பயப்படும்?’னா. நான் கடுதாசிய மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

பெரிய சேதி: கம்பத்தப் பிடுங்கியாச்சு! எங்கயோ பெரிய ரோட்டுல தலைவருங்க கேமரா முன்னாடி பிடுங்குனாங்களாம். இங்க கேமரா கிடையாது. லூஷ்கி டிராக்டர்காரன் ஆர்கிப் சங்கிலி கட்டி இழுத்தான். கம்பம் சிமெண்ட்டோட வந்துச்சு, பல்லு வேரோட வர்ற மாதிரி. அந்தாண்ட ஆளுங்க இந்தாண்ட, இந்தாண்ட ஆளுங்க அந்தாண்ட. அடைசலா ஒரு பாலம். பாட்டு, அழுகை, ஒருத்தி செருப்பு ஓடையில போயிடுச்சு. காவக்காரனும் கைதட்டுனான். செவப்பு வெள்ளை பட்டை போட்ட அந்தக் கம்பத்த ஆர்கிப் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டாய்க்குக் கதவாப் போட்டுட்டான். இப்ப அவன் மாடுங்களுக்குத்தான் எல்லைக் கட்டுப்பாடு.

படிவத்த நானும் ஸ்தெபானிதாவும் உக்காந்து நிரப்பிட்டோம். ‘உரிமையாளர்’னு இருக்கிற இடத்துல என்ன போடுறதுன்னு அரை நாள் யோசிச்சோம். உண்மையத்தான் எழுதணும்னு இருந்துச்சு. அதனால ‘புனித மிக்கோலா’ன்னு எழுதிட்டோம். முகவரி: ‘இந்த வருஷம் லூஷ்கி, அடுத்த வருஷம் வெரெஸ்னிகி’. பிறந்த தேதி தெரியல, டிசம்பர் 19னு போட்டோம். சரியா?

பெருமையோட, பெரியம்மா


ஸ்மோலென்ஸ்க், 1995 செப்டம்பர் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

படிவம் திரும்பிவிட்டது. எங்கள் தலைமை அதிகாரி அதை அறைக்குள் சத்தமாக வாசித்தார். முதலில் சிரித்தார். பிறகு கேட்டார்: ‘இந்த மிக்கோலா எந்த நாட்டுக் குடிமகன்? கையெழுத்துப் போட வருவாரா?’ எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓர் உரிமையாளர், ஒரு முகவரி, ஒரு நாடு. விதி அப்படித்தான். வெரெஸ்னிகி ஆள் கேட்டால் வெளிநாட்டவர் என்று கோப்பு மாஸ்கோவுக்குப் போகும், திரும்பி வர ஒரு வருடமாகும். லூஷ்கியிலிருந்து யாராவது ஒருவர் ‘இது என் சொந்தப் பொருள்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த ஆண்டு முடிவில் எங்கள் பிரிவை மூடுகிறார்கள். அதற்குள் யாரும் கேட்காத பொருட்கள் மாஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

கிளிம்


வெரெஸ்னிகி, 1995 அக்டோபர் 16

கிளிம் கண்ணு, ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். காலு சரியாத்தான் இருக்கு. மனசுதான் நொண்டுது.

நேத்து ரெண்டு ஊரும் ஸ்தெபானிதா வீட்டுல கூடுனோம். ‘நீ எழுதிக் குடு, உன் கையிலேருந்துதான பிடுங்குனாங்க’ன்னு அவளக் கேட்டோம். பேனாவ எடுத்தா. ‘என் சொந்தம்’ங்கிற வார்த்தை வந்ததும் கை நின்னுருச்சு. ‘மாட்டேன். நூத்தம்பது வருஷ மெழுகு இது. என் சொந்தம்னு எழுதுன ராத்திரியே என் அம்மா கனவுல வந்து அறைவா’ன்னா.

ஆர்கிப்கிட்ட குடுத்தோம். ‘நாளைக்கு என் மவன் காகிதத்தக் காட்டி எங்க வீட்டு வத்தின்னு வித்தான்னா?’ன்னு அவனும் வெச்சுட்டான். எங்க ஊர் ஆளு ஒருத்தன், ‘அதானே, லூஷ்கிக்காரன் பேர்ல போனா அப்புறம் நமக்கு எங்க முறை?’ன்னான். அவ்வளவுதான். ‘எங்கள நம்பலையா?’ன்னு அவங்க, ‘நம்புறோம், காகிதத்தத்தான் நம்பல’ன்னு நாங்க. கம்பம் இருந்தப்பகூட இப்படி ரெண்டு பக்கமா நின்னதில்ல ராசா. கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் மேசையில ஓங்கி அடிச்சேன்.

‘கம்பத்த மூணு மாசம் முன்னாடிதான் பிடுங்குனோம், திரும்ப இந்த வீட்டுக்குள்ள நடுறீங்களா? யாரும் கையெழுத்துப் போட வேணாம். போனா முழுசாப் போகட்டும்.’

எல்லாரும் தலையாட்டுனாங்க. ஒருத்தரும் பொய் சொல்லல, அதுவே எனக்குப் பெருமைதான். ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா மெழுகு வெச்சிருக்கேன், தேன்கூட்டு மெழுகு, ரெண்டு வருஷமா சேத்தது. சட்டையும் தைச்சு முடிச்சிருக்கேன். வெள்ளைத்துணி, செவப்புப் பூ வேலை. பெட்டியில வெச்சு மூடிட்டேன். உனக்கு இதுல தொல்ல குடுக்க மாட்டேன் இனிமே.

நல்லா சாப்பிடு.

பெரியம்மா


ஸ்மோலென்ஸ்க், 1995 நவம்பர் 20

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மெழுகை உருக்கி வையுங்கள். டிசம்பர் 19ஆம் தேதி நான் வருகிறேன். முதலில் லூஷ்கிக்கு, ஸ்தெபானிதா அத்தை வீட்டுக்குப் போவேன். முறைப்படி அங்கிருந்துதானே புறப்பட வேண்டும்.

ஜனவரியிலிருந்து லாட்வியா எல்லையில் ஒரு சோதனைச் சாவடிக்கு மாற்றியிருக்கிறார்கள். பதவியும் ஒரு படி இறங்குகிறது. கவலைப்படாதீர்கள், நான் கவலைப்படவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்தது. நேரில் சொல்கிறேன்.

கிளிம்


வெரெஸ்னிகி, 1995 டிசம்பர் 24

என் மகனே, என் பெருமையே, எங்க ரெண்டு ஊரோட மானமே! நீ மறுநாள் விடியறதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சுப் போயிட்ட, எனக்கு ஆறல. நல்லபடியாப் போய்ச் சேந்தியா? நான் குடுத்த உப்புப்போட்ட பன்றிக்கொழுப்பத் தின்னியா? கன்னம் ஒட்டிப்போயிருக்கு, பாத்தேன்.

நீ இருந்து பாத்ததையே உனக்கு எழுதுறேன், ஏன்னா நீ கையில வத்தியோட முன்னாடி பாத்துதான் நடந்த, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு பாக்கல. லூஷ்கி மொத்தமும் உன் பின்னாடி வந்துச்சு. பாலத்துல கம்பம் இருந்த குழிய ஆர்கிப் தாண்டிட்டு, தொப்பியக் கழட்டிட்டு, அழுதான். ஸ்தெபானிதா என் காதுல, ‘அடியே, உன் புள்ளையப் பத்தி நான் சொன்னதெல்லாம் இந்த ஓடையில போகட்டும்’னா. ‘பனிக்கட்டியா இருக்கு, எங்க போகும்’னேன். ‘பனி உருகுற வரைக்கும் காத்திருக்கட்டும்’னா. என் வாசப்படிய அந்த வத்தி தாண்டுனப்ப முப்பத்தோரு வருஷத்துக்கும் மேல நான் நின்னது ஒரு நிமிஷமாப் போச்சு.

சாப்பிடுறப்ப நீ மூணு தடவை ‘பெரியம்மா, ஒரு விஷயம்’னு வாயத் தொறந்த. மூணு தடவையும் நான் உருளைக்கிழங்கு அடையத் தூக்கி உன் தட்டுல வெச்சேன். நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும்டா.

ரசீது வந்த அன்னைக்கே தெரியும். பத்து வருஷமா உன் கடுதாசி ஒவ்வொண்ணா பொட்டியில வெச்சிருக்கேன். கிறுக்கல் கையெழுத்துன்னா உலகத்துக்குக் கிறுக்கல். அந்தக் கடைசி எழுத்து வால நீ கீழ இழுத்து, கிணத்துல வாளி விடுற மாதிரி ஒரு சுழி சுழிப்ப பாரு, அதை நான் அடுப்பு வெளிச்சத்துலயே கண்டுபுடிப்பேன். நீதான் வத்தியப் பாத்து, அது யாருதுன்னு தெரிஞ்சு, புது வேலை போயிடும்னு பயந்து கையெழுத்துப் போட்ருக்க. அதே கைதான் தகரப்பெட்டியும் வாங்கியிருக்கு. பயந்தவனும் நீதான், பாத்துக்கிட்டவனும் நீதான். அதனாலதான் ரசீத அனுப்பல. நீ கேட்டது தேடுறதுக்கில்ல, கிழிக்கிறதுக்குன்னு தெரிஞ்சுது. கிழிச்சிருந்தா அது உன் மனசுக்குள்ளயே கிடந்திருக்கும்.

நீ கொண்டுவந்த விடுவிப்புத் தாளையும் படிச்சேன். ‘உரிமையாளர்: கிளிம். தந்தை ஊர் லூஷ்கி, தாய் ஊர் வெரெஸ்னிகி.’ எந்த வத்தியப் பிடுங்குனதா நீ கையெழுத்துப் போட்டியோ, அதே வத்தி உன்னுதுன்னு உன் பெரிய அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்ருக்க. ரசீதோட ஆபீஸ் நகலையும் இந்தத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவரு பாத்திருப்பாரே! லாட்வியா எல்லை ஏன்னு இப்ப எனக்குப் புரியுது. ஸ்தெபானிதாவும் ஆர்கிப்பும் எழுத மாட்டேன்ன வார்த்தைய நீ எழுதுன. அவங்க எழுதிருந்தா பொய். நீ எழுதுனது, இந்த உலகத்துல ரெண்டு ஊருக்கும் சொந்தமான ஒரே ஆளு எழுதுனது.

ஆனாலும் ஊர்க்காரன் பயம் நியாயம்தான, நாளைக்குக் காகிதம் பேசும். அதனால நீ போன அன்னைக்கே ரெண்டு ஊரையும் திரும்பக் கூப்பிட்டு, எல்லாரும் நிக்கறப்பவே, மெழுக உருக்குனேன். ரசீது 417ஐ மடிச்சு வத்தி மேல ஒட்டுனேன். உன் உரிமைத் தாளையும் அதுக்கு மேல ஒட்டுனேன். ரெண்டு மேலயும் புது மெழுக ஊத்துனேன். மொதல்ல எழுத்து மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் உன் சுழி மட்டும் தெரிஞ்சுச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல. பிடுங்குனவனும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல.

‘என்னடி பண்ற?’ன்னா ஸ்தெபானிதா.

‘இந்த வருஷத்து மெழுகு கொஞ்சம் கனம்’னேன்.

சட்டை சரியாத்தான் இருக்கு, தோள்ல மட்டும் ஒரு விரல் இறுக்கம். அடுத்த டிசம்பர்ல முறை லூஷ்கிக்கு, ஆர்கிப் வீட்டுக்கு. அவனுக்கு முதுகு வலி, தூக்க ஆள் வேணும்னு இப்பவே கேட்டுட்டான். லாட்வியா எல்லையில லீவு எழுதி வெச்சிடு.

உன் பெரியம்மா உஸ்தின்யா